இஞ்ஞாசி இழுத்த மூச்சு

உப்பளம் பேண்டின் ஒரே ஆல்பத்துக்கு ஏழாவது பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மவுத் ஆர்கன் வாசிக்கிற இஞ்ஞாசி இரண்டாம் ஓட்டையில் வாயை வைத்து ஒரு மூச்சை உள்ளே இழுக்க ஆரம்பித்தான்; அந்த வாரம் போய், அடுத்த வாரமும் போய், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வரும்வரை அந்த ஒரே மூச்சை இழுத்துக்கொண்டேயிருந்தான்.

முதல் அரை மணி நேரம் யாரும் பதறவில்லை. இஞ்ஞாசி தொழிலில் சங்கு குளிக்கிறவன். மற்றவர்களுக்கு அறுபது எண்ணுவதற்குள் கண் பிதுங்கும் என்றால், இவன் நூற்று நாற்பது எண்ணிவிட்டு மேலே வந்து சாவகாசமாகப் பீடி கேட்பான். லீட் கிட்டார் ஹென்றி தன் பங்கை முடித்துவிட்டுக் காத்திருந்தான், டிரம்ஸ் பக்கர் குச்சியால் முதுகைச் சொறிந்தபடி காத்திருந்தான், பேஸ் கிட்டார் ரெமி, அதாவது இஞ்ஞாசியின் மனைவி ஜெசிந்தாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன், நான்கு சுற்று கூடுதலாக வாசித்துப் பார்த்துவிட்டு விரல் ஓய்ந்து கிட்டாரைக் கீழே வைத்தான். பதிவு செய்கிற பொன்ராஜ் அண்ணாச்சி மட்டும், நாடா தீர்ந்து ஸ்பூல் சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டதும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா பாட்டு நாலு நிமிசம்னுல்லா சொன்னிய" என்றார்.

ஸ்டுடியோ என்றதும் கண்ணாடியும் கம்பளமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தூத்துக்குடி திரேஸ்புரத்தில், மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய ஐஸ் கம்பெனி அது. குளிர் வெளியே போகாமலிருக்க அதன் சுவருக்குள் ஒரு முழ கனத்துக்குத் தக்கை வைத்து அடைத்திருந்தார்கள். குளிர் போகாத சுவரில் சத்தமும் போகாது என்று கண்டுபிடித்தவர் ரேடியோ கடை பொன்ராஜ் அண்ணாச்சி. மூன்று பேர் வெளிக்கூடத்தில் வாசிப்பார்கள். இஞ்ஞாசியின் மவுத் ஆர்கன் மற்ற மைக்குகளிலும் போய் விழுகிறதென்று அவனை மட்டும் குளிர் அறைக்குள் நிற்க வைத்து, சாண் கனமுள்ள கதவை ஒருக்களித்துவிடுவார்கள். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு அவன் உள்ளே நிற்பான், மைக் வயர் கதவிடுக்கு வழியாக வெளியே வரும்.

இவர்களுக்கு இந்த ப்ளூஸ் என்கிற பாட்டு வகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கப்பலிலிருந்து வந்தது. துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டு மாலுமி ஒருவன் இரண்டு சங்குக்கு மாற்றாக ஒரு மவுத் ஆர்கனும் நான்கு இசைத்தட்டும் கொடுத்துவிட்டுப் போனான். பூமிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் பருத்தி எடுத்த கறுப்பு மனிதர்கள், மூட்டை தூக்கிய வலியையும் ஓடிப்போன பெண்சாதியையும் வெள்ளம் கொண்டுபோன வீட்டையும் பாடியிருந்தார்கள். ஹென்றி அர்த்தம் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த திரேஸ்புரத்துப் பெண்கள் "இது நம்ம ஆளுகதான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். பேண்டு வாத்தியக்காரன் ஊதுவான், ப்ளூஸ்காரன் இழுப்பான் என்பது இஞ்ஞாசியின் சித்தாந்தம். மவுத் ஆர்கனில் வெளியே விடும் மூச்சு கல்யாணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் ஆகும், உள்ளே இழுக்கும் மூச்சில்தான் சுரம் வளையும், அழும், தொண்டை அடைக்கும். மூச்சை இழுத்தே பிழைத்த ஊருக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மதியம் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, ஸ்பூல் நின்றது, மவுத் ஆர்கன் நிற்கவில்லை. ரெமி கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தான். இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு, கால் விரல்களைத் தரையில் ஊன்றி, கடலில் இறங்கப்போகிறவன் நிற்கிற மாதிரியே நின்றான். ரெமி வேறொன்றும் யோசிக்கவில்லை. கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையில் கிடந்த மைக் வயரை எடுத்து வலது கையில் பிடித்துக்கொண்டான்.

அது அவன் பழக்கம். சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிறு வள்ளத்தில் இருக்கிறவன் கையில் இருக்கும். கீழே மூச்சு முட்டினால் குளிப்பவன் இரண்டு தரம் சுண்டுவான், மேலே இருப்பவன் இழுப்பான். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள். அண்ணன் தம்பியிடம் கொடுத்தால் பங்காளிப் புத்தி குறுக்கே வரலாம், கூட்டாளியிடம் கொடுத்தால் கவனம் சிதறலாம், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் மட்டும் கண் கொட்டாமல் இருப்பான், ஏனென்றால் கயிற்றின் மறுமுனையில் அவன் தங்கையின் தாலி இருக்கிறது. பெண்டாட்டியிடம் கயிறு கொடுக்கும் வழக்கமே கிடையாது. பதறிப்போய்ச் சுண்டுவதற்கு முன்பே இழுத்துவிடுவாள் என்பார்கள். சுண்டாமல் இழுக்கவே கூடாது. பாதியில் இழுத்தால் உடம்பு மேலே வரும், மனசு கீழேயே கிடக்கும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. அப்படி மனசைக் கீழே விட்டுவிட்டு, பெண்டாட்டி பேரைக்கூட மறந்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை உதாரணத்துக்குக் காட்டவும் செய்வார்கள்.

இனி சிலுவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிலுவை இஞ்ஞாசியின் தம்பி, வயது இருபத்திரண்டு, சிரித்தால் ஈறு தெரியும், கல்யாணம் ஆகாதவன். கல்யாணம் ஆகாதவனுக்கு மச்சான் ஏது? அதுவரை அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பனும் காலமாகிவிட, போன வருடத்துச் சங்குக் காலத்தில் யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தபோது ரெமிதான், "எனக்கு ரெண்டு கை இருக்குல்லா" என்றான். வலது கையில் இஞ்ஞாசியின் கயிறு, இடது கையில் சிலுவையின் கயிறு. இருபது நாள் ஒரு குறையுமில்லை. இருபத்தோராம் நாள், ஒன்பதரை பாக ஆழத்தில் — இரண்டு கையையும் விரித்தால் என்ன நீளமோ அது ஒரு பாகம் — அடிநீரோட்டம் வந்து இரண்டு பேரையும் அடித்தது, இரண்டு கயிறும் சுண்டின.

இரண்டும் ஒரே நேரத்தில் சுண்டியது, நான் என்ன செய்வேன் என்று கரைக்கு வந்து ரெமி சொன்னான். பங்குச்சாமியாரிடம் சொன்னான், போலீசிடம் சொன்னான், இஞ்ஞாசியிடமும் சொன்னான். ஊர் தலையாட்டியது. ஆனால் முதலில் சுண்டியது இடது கை. கண் இமைக்கும் நேரம்தான் முந்தி, ஆனாலும் முந்தி. அடுத்துத்தான் வலது கை. ஒரு ஆளை மேலே தூக்க இரண்டு கையும் வேண்டும், ரெமியின் உடம்போ அவனைக் கேட்காமலேயே தங்கையின் கழுத்தை நினைத்துவிட்டது. சிலுவையின் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு வலது கைக் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தான். இஞ்ஞாசி இருமிக்கொண்டு மேலே வந்தான். பிறகு சிலுவையை இழுத்தபோது அவன் இடுப்புப் பையில் மூன்று சங்கு இருந்தது, மூச்சு இல்லை.

அன்றிலிருந்து ஜெசிந்தா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணனைக் கூப்பிட்டு, பெரிய மீன் தலையாகப் பார்த்து அவன் தட்டில் வைத்து, "எந்தாலி ஒங்கையிலதாண்ணே தொங்குச்சு" என்பாள். அந்த மீன் தலையை விழுங்குவதற்குள் ரெமி படும் பாடு மாதாவுக்குத்தான் தெரியும். இஞ்ஞாசி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடம் ஒன்றுமே கேட்காமல் பாட்டுக் கட்டினான். ஆறு பாட்டு கப்பலையும் உப்பையும் மண்ணெண்ணெய் வரிசையையும் பற்றி, ஏழாவது பாட்டுக்கு வார்த்தை இல்லை, வெறும் மவுத் ஆர்கன், பெயர் மட்டும் "சிலுவை".

மூன்றாம் நாள் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. காற்று ஐஸ் கம்பெனியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. எந்தத் தெருவில் கொடியில் துணி போட்டாலும் அது ஐஸ் கம்பெனிப் பக்கமே கை நீட்டியது, அடுப்புப் புகை அந்தப் பக்கமே சாய்ந்தது, பிள்ளைகள் விட்ட பட்டமெல்லாம் வரிசையாக அதே திசையில் மூக்கை வைத்து நின்றது. காற்று ஒரே சீராக அடித்ததால் ஈ உட்காரவில்லை என்று கருவாட்டுக்காரப் பெண்கள் ஓலைப்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து ஐஸ் கம்பெனித் தெருவில் மீனைப் பரப்பினார்கள். உப்பளத்தில் பத்து நாளில் விளைகிற உப்பு ஏழு நாளில் விளைந்தது. விடியலில் கடலுக்குப் போனவர்கள் பனிமூட்டத்தில் கரை தெரியாமல் முழிக்க வேண்டியதில்லை, அந்த ஒற்றைச் சுரம் எங்கிருந்து வருகிறதோ அதுதான் ஊர். மாதா கோவில் ஆர்மோனியம் அரைச் சுரம் இறங்கியிருப்பது இதனால் வெளிச்சத்துக்கு வந்து, பாட்டுக் குழுவுக்குள் நான்கு வருடமாக யார் மேல் தப்பு என்று நடந்த சண்டை ஓய்ந்தது.

டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது, உள்ளே அலைச் சத்தம் கேட்கிறது, அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை என்றார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து இந்த ஓசை எப்போது முடியும் என்று கேட்டு ஒரு காகிதம் கொடுத்தார். ஹென்றி அதன் கீழே "மூச்சு முடிந்ததும்" என்று எழுதிக் கொடுக்க, அவர் திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார். வாயில் மவுத் ஆர்கன் இருக்கிற ஆளுக்கு நற்கருணையை எப்படிக் கொடுப்பது என்று பங்குச்சாமியார் ஆயருக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. நெஞ்சில் சளி கட்டிய குழந்தைகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்து இஞ்ஞாசியின் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் போனார்கள். குறை சொன்னவர் பேக்கரிக்காரர் ஒருவர்தான்: மக்ரூன் வாசனை தெருவுக்கே வராமல் நேரே ஐஸ் கம்பெனிக்குப் போய்விடுகிறது, வாசனை இல்லாமல் எவன் கடைக்கு வருவான்?

அது உண்மைதான். ஊரின் வாசனையெல்லாம் அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த ரெமிக்கு யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று எழுந்து பார்க்காமலே தெரிந்தது. "மூணாந்தெருவுல சாளைக் கொழம்பு, புளி தூக்கலு" என்பான். பக்கர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்பான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், ஆனால் பழகிவிட்டால் ஊரே தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவது வாரம் அந்தச் சுரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ரயில் சத்தத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைப் போல, அது கேட்காவிட்டால்தான் தூக்கம் வராது என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

ரெமிக்கு மட்டும் பழகவில்லை, காரணம் அவன் கையில் இருந்த வயர். இஞ்ஞாசி நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் வயர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாளுக்கு அரை பாகம். மெதுவாக, விரலிடுக்கில் உரசிக்கொண்டு, கனமான ஆள் இறங்கும்போது கயிறு போகிற அதே நிதானத்தில் போயிற்று. சுரமும் கூடவே இறங்கியது. முதல் வாரம் பெண்குரல் போலிருந்தது, இரண்டாவது வாரம் ஆண்குரலாகி, பிறகு இன்னும் கீழே போனது. டாக்டர் இரண்டாம் முறை வந்தபோது நாடி எண்ணிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். வயர் மொத்தம் எவ்வளவு என்று ரெமி அண்ணாச்சியிடம் கேட்டான்.

"அளந்துதான் வாங்குனேன். ஒங்க கணக்குல சொன்னா ஒம்போதரை பாகம் இருக்கும். ஏன் கேக்குத?" என்றார் பொன்ராஜ்.

சிலுவை கிடந்த அதே ஆழம். ரெமி காலடியில் மிச்சமிருந்த வயரைப் பாகம் பாகமாக எண்ணினான்.

ஜெசிந்தா தினமும் வந்தாள். குளிர் அறைக்குள் போய்ப் புருஷனின் முகத்தை ஈரத்துணியால் துடைப்பாள், சட்டை மாற்றுவாள், தெருவில் நடந்ததைச் சொல்வாள்; வெளியே வந்ததும் அண்ணன் முன்னால் நிற்பாள். முதல் வாரம் கெஞ்சினாள். இரண்டாவது வாரம் சண்டை போட்டாள். மூன்றாவது சனிக்கிழமை அவள் குரலில் சண்டையும் இல்லை.

"ஒதடு நீலம் பாஞ்சிட்டுண்ணே. கை சில்லுன்னு இருக்கு. இழு."

"சுண்டலியேம்மா. சுண்டாம எப்பிடி இழுக்க?"

"அவிய சுண்ட மாட்டாவ. பிடிவாதம் புடிச்ச மனுசன்னு ஒனக்குத் தெரியாதா? ஒரு தடவ எந்தாலிய நீதான காப்பாத்துன? இப்ப மட்டும் என்ன?"

தட்டில் வைத்த மீன் தலை மறுபடி தொண்டையில் வந்து நின்றது. தங்கை முகத்தைப் பார்க்கப் பயந்து ரெமி வயரைப் பார்த்தான். அவன் காலடியில் சுருளாகக் கிடந்தது இப்போது ஒரு சுற்றுதான். நாளைக் காலையில் அதுவும் உள்ளே போய்விடும், அதற்குமேல் விடுவதற்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஊர் முழுக்க ஐஸ் கம்பெனி வாசலில் வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை, வீட்டுக்குப் போகிற வழியில் கால் தானாக அங்கே திரும்பிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். கூடத்தில் பக்கரும் ஹென்றியும் சுவரோடு சுவராக நின்றார்கள். வயர் விறைத்துவிட்டது. அதன் கடைசிச் சாணைத் தவிர எல்லாம் உள்ளே போயிருந்தது, அந்தக் கடைசிச் சாண் ரெமியின் வலது முஷ்டியில் இருந்தது, மிச்சமிருந்த முனை பொன்ராஜ் அண்ணாச்சியின் பதிவுப் பெட்டியில் சொருகியிருந்தது. உள்ளேயிருந்து வந்த சுரம் இப்போது காதால் கேட்கிற மாதிரி இல்லை, தரையில் வைத்த பாதத்தால்தான் கேட்டது.

"அண்ணாச்சி, நாடாவ ஓட விடுங்க" என்றான் ரெமி. இருந்த கடைசி ஸ்பூலை அவர் மாட்டி ஓடவிட்டார்.

ரெமி முஷ்டியை வாயருகே கொண்டுபோனான்.

"மைக் வயர்ல இந்தப் பக்கம் பேசுனா அந்தப் பக்கம் கேக்காதுப்பா" என்றார் அண்ணாச்சி, தொழில் தர்மம் விடாமல்.

"கேக்கும்" என்றான் ரெமி. பிறகு, ஒரு வருடம் எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லிவந்த அந்த மனிதன், முதல் தடவையாக மாற்றிச் சொன்னான். "மாப்ள, நான் பொய் சொல்லிட்டேன். ரெண்டும் ஒண்ணாச் சுண்டல. மொதல்ல சுண்டுனது எடது கை. நம்ம சிலுவதான் மொதல்ல சுண்டுனான். எனக்குத் தெரிஞ்சுது மாப்ள. தெரிஞ்சே அவன் கயித்தக் கால்ல மிதிச்சிட்டு ஒன்னைய இழுத்தேன்."

வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது, ஊரில் இருந்த காற்றெல்லாம் கூடத்தின் வழியாக உள்நோக்கி ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது. ஜெசிந்தா அண்ணனைப் பார்த்தாள். தன் கழுத்தில் கிடந்த தாலியைக் கையால் பிடித்தாள், பிறகு சுட்டதைப் போல விட்டுவிட்டாள்.

அப்போது சுண்டியது.

இரண்டு தரம். ஆனால் சுண்டியது ஒன்றுமே பிடிக்காமல் முழங்காலில் மல்லாந்து கிடந்த இடது கையில். ரெமியின் விரல்கள் தாமாக மடங்கின. உள்ளே கயிறு இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் தென்னை நார்க் கயிறு, ஈரம், முறுக்கு, மறுமுனையில் ஆள் கனம். கண் இமைக்கும் நேரம் கழித்து வலது கை வயரும் சுண்டியது, இரண்டு தரம்.

ரெமி தங்கையை நிமிர்ந்து பார்த்தான். இழுக்க இரண்டு கையும் வேண்டும். வலதை விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் உடம்பு போன வருடத்தைப் போலவே வலது பக்கம் சாய ஆரம்பித்தது.

ஜெசிந்தா குனிந்து அவன் வலது முஷ்டியைப் பிரித்தாள். பெண்டாட்டி பிடிக்கக் கூடாத கயிற்றை, அந்தக் கரையில் அதுவரை எந்தப் பெண்டாட்டியும் பிடிக்காத கயிற்றைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இத நான் புடிச்சுக்கிடுதேன். பதறமாட்டேன்" என்றாள். "நீ அவன மொதல்ல இழுண்ணே. இந்தத் தடவ அவன் மொதல்ல வரட்டும்."

ரெமி எழுந்து காலை அகற்றி ஊன்றி இழுத்தான். ஒன்றுமில்லாத வெளியை ஒரு மனிதன் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதை ஊர் பார்த்தது. சிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, வாசலில் நின்ற வள்ளக்காரர்கள் தங்களை அறியாமல் "ஏலேலோ" என்று தாளம் கொடுத்தார்கள், பக்கர் குச்சியில்லாமல் தொடையில் தட்டினான், பாகத்தை ஒருவர் உரக்க எண்ணினார். நாலாவது பாகத்தில் ரெமியின் இடது உள்ளங்கை கிழிந்தது. ஆறாவதில் ரத்தம் மணிக்கட்டுக்கு இறங்கியது. ஜெசிந்தா கையில் வயர் மறுபடி சுண்டியது, மறுபடியும் சுண்டியது, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் இழுக்கவில்லை. ஒன்பதாவது பாகம், அப்புறம் ஒரு அரை. குளிர் அறைக்குள் பத்தொன்பது நாளாக ஒலித்த சுரம் நின்றது. அந்த அமைதியில், வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்த ஒருவன் மேலே வந்து வாயைத் திறந்து முதல் மூச்சை வாங்குகிற சத்தம், கரையில் பிறந்த எல்லாருக்கும் தாய்ப்பால் முதல் தெரிந்த அந்தச் சத்தம், தெளிவாகக் கேட்டது. பொன்ராஜ் அண்ணாச்சியின் பதிவுப் பெட்டியில் சத்தத்தின் அளவு காட்டும் ஊசி துள்ளியது. ரெமியின் கையில் கயிறு கனம் இழந்து, பிறகு இல்லாமல் போயிற்று.

"இப்ப நீ இழு" என்றான் ரெமி, ஜெசிந்தா இழுத்தாள்.

அந்தக் கேசட் பிற்பாடு வந்து, தூத்துக்குடியில் டீக்கடை டீக்கடையாக ஓடியது. அட்டையின் பின்பக்கத்தில் நான்கு பெயரோடு ஐந்தாவதாக ஒரு பெயர் போட்டு, அதற்கு நேரே "மூச்சு" என்று அச்சடித்திருந்தார்கள். ஏழாவது பாட்டு கடைசியை நெருங்கும்போது டீ ஆற்றுகிறவர் கையைத் தூக்கியபடியே நிற்பார், பேசிக்கொண்டிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த ஒரு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டதும்தான் தங்கள் மூச்சை விடுவார்கள். அடுத்த சங்குக் காலத்திலிருந்து ஊரில் ஒரு வழக்கமும் ஏற்பட்டது. கல்யாணமாகாமல் கடலில் இறங்குகிறவனுக்குப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் முன்னால் ஒரு மச்சானை நியமிக்க வேண்டும், ஒருவன் ஒரு கயிறுதான் பிடிக்க வேண்டும். முதல் வருடம் ஏழு பையன்கள் இருந்தார்கள், ஏழு பேருமே ரெமியைத்தான் கேட்டார்கள். இஞ்ஞாசியின் கயிறு இப்போது ஜெசிந்தாவிடம் இருந்தது; ரெமி ஒருவனுக்குத்தான் முடியும் என்று மற்ற ஆறு பேரைத் திருப்பி அனுப்பினான்.

மவுத் ஆர்கன் தெரிந்தவர்கள் அந்தக் கேசட்டில் ஒரு குறை சொல்வார்கள். பாட்டு முழுக்க மூச்சை உள்ளே இழுக்கிறானே, அதை அவன் வெளியே விடவேயில்லையே, நாடா அதற்குள் முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். நாடா முடியவில்லை. நடந்தது இதுதான்.

இஞ்ஞாசி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கன்னம் ஒட்டி, உதடு வீங்கி, நெஞ்சு பத்தொன்பது நாள் காற்றோடு விம்மி நின்றது. மனைவியின் தலையில் ஒரு கை வைத்தான். பிறகு ரெமியின் முன்னால் வந்து நின்றான். ரெமி அடி வாங்கத் தயாரானவன் போலக் கண்ணை மூடிக்கொண்டான். இஞ்ஞாசி அவன் இடது கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிறு தின்ற உள்ளங்கையை வெளிச்சத்தில் பார்த்தான்.

"வலிக்கா மச்சான்?" என்றான். அவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையை எப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை.

பிறகு விழுந்த பிள்ளையின் முழங்காலுக்குச் செய்வதைப் போல, அந்தக் கையை வாயருகே கொண்டுபோய் மெதுவாக ஊதினான். ஊதிக்கொண்டேயிருந்தான். கொடியில் கிடந்த துணியெல்லாம் திரும்பி மறுபக்கம் கை நீட்டியது, பட்டங்கள் திரும்பின, மக்ரூன் வாசனை தெருவுக்கு வந்தது, மூணாந்தெருவில் பத்து நாளைக்கு முன்பு கொதித்த சாளைக் குழம்பு அந்த வீட்டுக்கே திரும்பி வந்து மணத்தது. மாலை மணி அடிக்கும்வரை அவன் ஊதினான், அதுவரை ரெமி கையை எடுக்கவில்லை.